விளக்கு வைக்க ஒரு மனு

ரிஷிவந்தியத்துக்காரனுக்குக் கடல் விளக்கைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். எங்கள் ஊரில் அர்த்தநாரீசுவரர் கோயில் இருக்கிறது; தேனால் அபிஷேகம் நடக்கும்போது லிங்கத்தில் அம்மையும் அப்பனும் ஒன்றாய்த் தெரிவதைத் தரிசிக்க வெளியூர்களிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். கரும்பு இருக்கிறது, நெல் இருக்கிறது, மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும்.

ஆனால் நானும் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம் அல்லவா? இந்தியக் கரை முழுவதிலும் உள்ள கலங்கரை விளக்கங்களை நிர்வகிக்கிற தலைமை இயக்குநரகம் எங்கே இருக்கிறது? நொய்டாவில் இருக்கிறது. ஒரு விளக்கு புதிதாக வந்தாலும், மாறினாலும், அணைந்தாலும் அதைக் கடல் வரைபடத்தில் திருத்தி மாலுமிகளுக்கு அறிவிக்கிற தேசிய நீரியல் அலுவலகம் எங்கே இருக்கிறது? டேராடூனில், இமயமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. நொய்டாவில் எந்த அலை அடிக்கிறது? டேராடூனில் எந்தப் படகு கரை சேர்கிறது? அங்கே உட்கார்ந்து கடல் விளக்கைப் பற்றி உத்தரவு போடலாம் என்றால், ரிஷிவந்தியத்தில் உட்கார்ந்து அந்த உத்தரவைப் பற்றிப் பேசவும் எனக்குப் பாத்தியதை உண்டு.

இன்னொரு பாத்தியதையும் இருக்கிறது. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுத்தாற்றாகவும் இறங்குகிறது. கோமுகி மணிமுத்தாற்றில் கலக்கிறது. மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு போய் வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. எங்கள் மலை மண் அந்த வெள்ளத்தோடு போகிறது. கடலோர நீரோட்டம் தள்ளிக்கொண்டு வரும் மணலோடு அதுவும் சேர்ந்து முகத்துவாரத்தில் திட்டாகப் படுத்துக்கொள்கிறது. நேற்று ஆழமாயிருந்த இடம் இன்று முழங்கால் அளவு. நேற்று வழியாயிருந்தது இன்று படகைக் கவிழ்க்கும் இடம். எங்கள் மண் போய்க் கிடக்கிற இடத்தில் ஒருவன் இருட்டில் தடுமாறினால், அது எங்களுக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

சங்கதி இதுதான். கடலில் போகிறவனுக்கு வழிகாட்ட ஒரு விளக்கு வேண்டும். அல்லது இருக்கிற விளக்கை இடம் மாற்ற வேண்டும். அல்லது ஆழத்தையும் மேட்டையும் காட்ட ஒரு மிதவை வேண்டும். இதற்கு யார் மனுக் கொடுப்பது? யாரிடம் கொடுப்பது? கொடுத்தால் எப்போது பதில் வரும்?

பதில் சொல்வதற்குமுன் விளக்கு என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். கலங்கரை விளக்கம் என்ற சொல்லே அழகானது. கரைதல் என்றால் அழைத்தல். கலங்களை அழைக்கிற விளக்கம் என்று பொருள் சொல்வார்கள். பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், நீர்ப்பெயற்று என்ற துறையில் உயர்ந்த மாடத்தின்மேல் இரவில் ஏற்றிய விளக்கைச் சொல்லியிருக்கிறார். மாமல்லபுரத்தில் ஓலக்கணேசுவரர் கோயிலின் உச்சியே ஒரு காலத்தில் விளக்கு மேடையாக இருந்தது. சென்னையில் 1796இல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் விளக்கு ஏற்றினார்கள். 1844இல் தனித் தூண் ஒன்று எழுந்தது. 1894இல் உயர் நீதிமன்றத்தின் கோபுரத்துக்கு விளக்கு ஏறிற்று. 1977இல் மெரினாவில் இப்போதுள்ள கோபுரத்துக்கு வந்தது. நீதி சொல்லுகிற மண்டபத்தின் தலையில் வழி சொல்லுகிற விளக்கு எண்பது ஆண்டுகளுக்குமேல் எரிந்தது என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். இரண்டும் ஒரே வேலைதான்: பொய் சொல்லாமல் இருப்பது.

பொய் சொல்லாமல் இருப்பது என்று ஏன் சொல்கிறேன்? வீட்டு விளக்கு வெளிச்சம் தந்தால் போதும். கடல் விளக்கு வெளிச்சம் தந்தால் போதாது. அது தன் பெயரையும் சொல்ல வேண்டும். எத்தனை விநாடிக்கு ஒருமுறை மின்னுகிறது, எத்தனை மின்னல் சேர்ந்து வருகிறது, வெள்ளையா சிவப்பா பச்சையா, கடல் மட்டத்திலிருந்து எத்தனை உயரம், எத்தனை மைல் தெரியும் என்பவை எல்லாம் புத்தகத்தில் பதிந்திருக்கும். மாலுமி மின்னலை எண்ணிப் பார்த்து, 'இது இன்ன ஊர்' என்று தெரிந்துகொள்கிறான். மிதவைக்கும் அப்படியே. நம் கடலில் துறைக்குள் நுழைகிறவனுக்கு இடது கைப்பக்கம் சிவப்பு, வலது கைப்பக்கம் பச்சை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இது தலைகீழ். ஆகவே கண்ட இடத்தில் கண்ட நிறத்தில் விளக்கு மாட்டினால், அது வழிகாட்டாது; கொலை செய்யும்.

இது அலங்காரப் பேச்சல்ல. 1971ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள டோவர் நீரிணையில் 'டெக்ஸாகோ கரீபியன்' என்ற எண்ணெய்க் கப்பல் வேறொரு கப்பலோடு மோதி மூழ்கிற்று. மறுநாளே 'பிராண்டன்பர்க்' என்ற கப்பல் அந்தச் சிதைவின்மேல் ஏறி மூழ்கிற்று. பிறகு அந்த இடத்தைச் சுற்றி அடையாளங்கள் வைத்தார்கள். வைத்தும் என்ன? சில வாரங்களில் 'நிக்கி' என்ற மூன்றாவது கப்பலும் அதே இடத்தில் போய் விழுந்தது. மூன்றிலும் சேர்த்து 51 உயிர்கள் போயின. அந்நாளில் உலகத்தில் முப்பதுக்கு மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன. ஒரு நாட்டு அடையாளம் இன்னொரு நாட்டு மாலுமிக்குப் புரியாத பாஷை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் எல்லா நாடுகளும் உட்கார்ந்து பேசி, 1980இல் உலகுக்கெல்லாம் பொதுவான ஒரு மிதவை முறைக்கு ஒப்புக்கொண்டன.

ஆகையால், 'ஒரு பல்பை மாட்டுவதற்கு டெல்லி வரை போக வேண்டுமா?' என்று மேடையில் கேட்டுக் கைதட்டல் வாங்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். விதி வேண்டும். கடுமையாகவே வேண்டும். மாலுமியை ஏமாற்றும் பொய் விளக்கையோ பொய் மிதவையையோ காட்டுகிறவனுக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்று 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 281ஆம் பிரிவில் எழுதி வைத்தது. 2024 ஜூலையில் அந்தச் சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்த பிறகும் இது குற்றமாகவே இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும்.

என் சண்டை விதியோடு அல்ல. விதி யாரை நினைத்து எழுதப்பட்டது என்பதோடு.

வெள்ளைக்காரன் 1927இல் ஒரு கலங்கரை விளக்கச் சட்டம் செய்தான். விளக்குகளைப் பொது விளக்கு, உள்ளூர் விளக்கு என்று பிரித்தான். பொது விளக்கு மத்திய சர்க்காருடையது. உள்ளூர் விளக்கு, அந்தந்தத் துறைமுக அதிகாரிகளுடையது. உள்ளூர் அதிகாரி ஒரு விளக்கைப் புதிதாக வைப்பதானாலும், எடுப்பதானாலும், அதன் தன்மையை மாற்றுவதானாலும், ஒரு மாதம் முன்னதாக மத்திய சர்க்காருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆபத்துக் காலத்தில் மட்டும் முதலில் செய்துவிட்டு உடனே அறிவிக்கலாம். இது நல்ல ஏற்பாடு. இதில் யோசனை இருக்கிறது. 2021இல் பார்லிமெண்டு அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டுக் கடல்சார் வழிகாட்டு உதவிச் சட்டம் என்று புதியதைச் செய்தது. விளக்கின் செயலைக் கெடுக்கிறவனுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சேதப்படுத்துகிறவனுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம் என்றெல்லாம் அதில் சேர்த்தார்கள். பழைய விளக்குகளைப் பாரம்பரியச் சின்னமாகக் காப்பாற்றவும் வழி செய்தார்கள். எல்லாம் சரி.

பழைய சட்டத்தின் கற்பனையில் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். கப்பல் இருந்தது, கப்பல் செலுத்தும் விளக்குக் கட்டணம் இருந்தது, துறைமுக அதிகாரி இருந்தார், மத்திய சர்க்கார் இருந்தது. விடியுமுன் எழுந்து, நாலு பேரோடு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு முகத்துவாரம் கடக்கிறவன் அங்கே இல்லை. அவன் விளக்கைப் பார்க்கலாம். விளக்கைச் சேதப்படுத்தினால் தண்டனை பெறலாம். 'எங்கள் முகத்துவாரத்துக்கு ஒரு விளக்கு வையுங்கள்' என்று கேட்கிற மனிதனாக அவனை 1927இல் யாரும் எண்ணவில்லை. அவன் குப்பத்தில் இன்றும் அந்தக் காலத்து எண்ணம்தான் ஆட்சி செய்கிறது.

இப்போது ஒரு மீனவக் கிராமம் விளக்குக் கேட்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடலுக்குத் தமிழ்நாட்டில் எத்தனை எஜமானர்கள் தெரியுமா? சிறு துறைமுகம் என்றால் தமிழ்நாடு கடல்சார் வாரியம். மீன்பிடித் துறைமுகம், இறங்குதளம் என்றால் மீன்வளத் துறை. ஆற்று வாய் என்றால் பொதுப்பணிக்காரர்களும் நீர்வளத்துறையும் நினைவுக்கு வருவார்கள். விளக்கு என்றால் மத்திய சர்க்கார். ஊர்ப் பஞ்சாயத்தார் பேசித் தீர்மானித்து, மாவட்டத் தலைநகரில் நடக்கும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய், மனுவைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மனு ஒரு காரியாலயத்திலிருந்து இன்னொன்றுக்கு 'தக்க நடவடிக்கைக்காக' அனுப்பப்படுகிறது. தக்க நடவடிக்கை என்பது என்ன? அடுத்த காரியாலயத்துக்கு அனுப்புவதுதான்.

கடலோரத்துக்காரர்கள் மட்டுமே இதை அனுபவிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்துக் குடியானவர்களுக்கு இந்தக் காத்திருத்தல் நன்றாகத் தெரியும். கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சார இணைப்புக் கேட்டுப் பெயரைப் பதிந்து வைத்துவிட்டு, மகன் கல்யாணம் முடிந்து பேரன் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் வரிசையில் நின்றவர்களை நான் அறிவேன். ஆனால் ஒரு வித்தியாசம். கிணற்றுக்காரன் காத்திருக்கும்போது பயிர் வாடுகிறது. முகத்துவாரத்துக்காரன் காத்திருக்கும்போது ஆள் போகிறான்.

முகத்துவாரம் எத்தகைய இடம் என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் கேட்டால் சொல்வார்கள். துறைமுகம் கட்டியாயிற்று, அலைத்தடுப்புச் சுவர் போட்டாயிற்று, அதன் வாயிலேயே அலை எழும்பி, மணல் மேடிட்டு, படகுகள் கவிழ்ந்து, சில ஆண்டுகளுக்குள் பல மீனவர்கள் மாண்டுபோனார்கள். சுவரைத் திருத்துங்கள் என்று அந்த ஜனங்கள் எத்தனை முறை போராடினார்கள்! அங்கே விளக்கு மட்டும் இருந்தால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. நடுக்கடலில் புயலைக் கடந்து வந்தவன் வீட்டு வாசற்படியில் சாகிற இடம் முகத்துவாரம் என்பதைத்தான் சொல்கிறேன். வாசற்படிக்கு விளக்கு வைப்பது நம்முடைய குலவழக்கம். கார்த்திகைக்கு வாசலில் அகல் வைக்காத வீடு உண்டா?

உடனே படித்தவர்கள் ஒரு பதில் சொல்வார்கள்: 'இப்போதுதான் எல்லோர் கையிலும் ஜி.பி.எஸ். இருக்கிறதே, விளக்கு எதற்கு?' இந்தப் பதிலைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வீதி விளக்கு ஒரு நாள் எரியாவிட்டால் நகராட்சிக்கு டெலிபோன் செய்கிறவர்கள். கருவி 'நீ இருக்கும் இடம் இது' என்று சொல்லும். நேற்று இரவு மணல் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அதற்குத் தெரியாது. கருவி நனையும், பாட்டரி தீரும். 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சீபுரம்' என்ற இரண்டு பெரிய கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கரை ஒதுங்கி, வாளியால் மொண்டு எடுத்தார்கள். அவற்றில் கருவிகளுக்கு என்ன குறை? அத்தனை கருவிகள் இருந்தும் கப்பல்காரன் தன் விளக்குகளையும் மிதவைகளையும் விட்டுக்கொடுப்பதில்லை. கப்பலுக்கு இரண்டும் வேண்டும். கட்டுமரத்துக்கு ஒன்று போதும் என்பது என்ன நியாயம்?

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. 2024 பிப்ரவரி 28ஆம் தேதி தூத்துக்குடியில் நடந்த விழாவில் நாடெங்கும் 75 கலங்கரை விளக்கங்களில் சுற்றுலா வசதிகளை நாட்டுக்கு அர்ப்பணித்தார் பிரதம மந்திரி. நல்ல காரியம். குழந்தைகள் ஏறிப் பார்க்கட்டும். மேலே நின்று காற்று வாங்கட்டும். நானும் குடும்பத்தோடு மெரினா விளக்கில் ஏறியவன்தான். ஆனால் விளக்கை வேடிக்கை பார்க்க வருகிறவனுக்குச் செய்த ஏற்பாட்டில் நாலில் ஒரு பங்கு சுறுசுறுப்பை, விளக்கை நம்பி வருகிறவனுக்குக் காட்டினால் போதாதா?

இந்த இடத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை கழிக்கப் போகிற வாசகர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குமரிக் கடற்கரையில் மீனவர்கள் கணியம் பார்த்துத் தொழில் செய்வார்கள். கரையிலுள்ள மலை முகடு, மாதா கோயில் கோபுரம், ஒற்றைப் பனை இவற்றை ஒன்றோடொன்று நேர்கோட்டில் பிடித்து, கடலில் தான் நிற்கும் இடத்தைக் கண்டுகொள்வது கணியம். சர்க்கார் வைக்காத, செலவில்லாத, தலைமுறை தலைமுறையாக வந்த கடல் அடையாளங்கள் அவை. கரையோரம் மாடி மாடியாக எழும்பும் விடுதி அந்தக் கோபுரத்தை மறைக்கும்போது யாரும் மனுக் கொடுப்பதில்லை. அதன் உச்சியில் சிவப்பும் பச்சையுமாக விளக்குப் பந்தல் மின்னும்போது, துறைமுக வாயிலின் சின்னஞ்சிறு விளக்கு அதில் கரைந்துபோகிறது. கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு எது வழி, எது கேளிக்கை என்று தெரிவதில்லை. ஏழை விளக்கு வைக்க ஒப்புதல் வேண்டும். பணக்காரன் விளக்கை மறைக்க ஒப்புதல் வேண்டாம்! இதற்குப் பெயர் ஒழுங்கா?

சரி, வேறு நாடுகளில் எப்படி? இங்கிலாந்தில் 1514இல் எட்டாம் ஹென்றி மன்னனிடம் சாசனம் பெற்ற டிரினிட்டி ஹவுஸ் என்ற சபை இருக்கிறது. உள்ளூர்த் துறைமுகம் ஒரு விளக்கை வைக்கவோ மாற்றவோ அந்தச் சபையின் சம்மதம் வேண்டும். அமெரிக்காவில் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அங்கே தனி மனிதன்கூட, தன் படகுத்துறைக்கு எதிரே விளக்கோ மிதவையோ வைக்கக் கடலோரக் காவற்படையிடம் நேரே விண்ணப்பிக்கலாம். அதற்கென்றே அச்சிட்ட படிவம் இருக்கிறது. எங்கே வைக்கிறாய், என்ன நிறம், எப்படி மின்னும், யார் பராமரிப்பார் என்று கேட்கிறார்கள். விதிக்கு ஒத்துவந்தால் அனுமதி. வைத்தவன் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். விதியும் குறையவில்லை, கேட்கிறவனும் குனிந்து நிற்கவில்லை.

இதைத்தான் நம் ஊரிலும் கேட்கிறேன். கடலோரக் கிராமத்தின் மீனவர் கூட்டுறவுச் சங்கமோ ஊர்ப் பஞ்சாயத்தோ நேரடியாக விண்ணப்பிக்க ஒரு படிவம் வேண்டும். அது தமிழில் வேண்டும். அட்சரேகை தீர்க்கரேகை கணக்கெல்லாம் அவர்கள் போட்டுத் தர வேண்டும் என்று எதிர்பார்க்காமல், வந்து அளந்து எழுதிக்கொள்ள ஓர் உத்தியோகஸ்தர் வேண்டும். மனு வாங்கின தேதியைப் போட்டு ரசீது வேண்டும். இத்தனை நாளுக்குள் பதில் என்று கெடு வேண்டும். மறுத்தால் மறுக்கட்டும், காரணத்தை எழுதி மறுக்கட்டும். மணல் நகர்ந்துவிட்டது என்று ஊர் சொன்னால், அன்றைக்கே தற்காலிக மிதவை ஒன்று போட உள்ளூர் அதிகாரிக்குத் தைரியம் வேண்டும். ஆபத்துக் காலத்தில் முதலில் செய், பிறகு சொல் என்று 1927இல் வெள்ளைக்காரனுக்குத் தோன்றிய யோசனை, நம் உத்தியோகஸ்தருக்குத் தோன்றக்கூடாதா? எந்த விளக்கு எரிகிறது, எது அணைந்திருக்கிறது, எப்போது சரியாகும் என்பதை ஒவ்வொரு இறங்குதளத்திலும் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டும். டேராடூனிலிருந்து மாலுமிகளுக்கு வரும் அறிவிப்பு ஆங்கிலத்தில் வருகிறது. பனாமாக் கொடி கட்டிய கப்பலின் காப்டன் அதைப் படித்துத் தெரிந்துகொள்கிறான். பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் அந்த விளக்கின் கீழேயே பிறந்து வளர்ந்தவனுக்கு யார் படித்துச் சொல்வது?

பணம் எங்கே என்று கேட்பார்கள். பெரிய விளக்குகள் கப்பல்கள் தரும் கட்டணத்தில் எரிகின்றன என்பது உண்மை. கட்டணம் தருகிறவனுக்குத்தான் விளக்கு என்றால், அது கடை, தர்மமல்ல. விளக்கு ஒன்றுக்குத்தான் அந்த விசேஷம்: ஒருவன் பார்த்தால் இன்னொருவனுக்குக் குறைந்துபோவதில்லை. கப்பலுக்குக் காட்டிய ஒளியில் கட்டுமரமும் கரை சேரலாம். முகத்துவாரத்துச் சின்ன விளக்குக்குச் சூரிய ஒளியில் இயங்கும் ஒரு விளக்கும், அதைத் தாங்க ஒரு கம்பமும், மாதாமாதம் துடைத்துப் பார்க்க ஓர் ஆளும் போதும். அந்த ஆள் அந்த ஊர்க்காரனாகவே இருந்தால், அது அணைந்த இரவிலேயே அவனுக்குத் தெரியும். ஏனென்றால் அவன் தம்பி கடலில் இருப்பான்.

உள்நாட்டில் இருக்கிற நாம் மீன் வாங்கும்போது விலையைப் பற்றித்தான் பேசுகிறோம். கள்ளக்குறிச்சிச் சந்தைக்கும் கடல் மீன் வருகிறது. ஐஸ் பெட்டியில் வருகிற அந்த மீன், யாரோ ஒருவன் இருட்டில் முகத்துவாரம் கடந்து கொண்டுவந்தது. அவன் கேட்பது மானியமல்ல, மரியாதையுமல்ல. திரும்பி வருகிற வழியில் ஒரு விளக்கு. அதற்கு 'முடியும்' அல்லது 'முடியாது' என்று ஒரு தேதிக்குள் பதில் சொல்ல ஒரு சர்க்காரால் முடியாதென்றால், அந்தச் சர்க்கார் வைத்திருக்கிற விளக்குகளெல்லாம் யாருக்காக எரிகின்றன?